அடையாள அட்டை முதல் அந்தரங்கக் கடிதம் வரை: குனுபிஜி கொண்டு பூட்டும் முழுமையான வழிகாட்டி

இலங்கைத் தேசிய அடையாள அட்டையின் 12 இலக்க எண்ணை ஒருமுறை கூர்ந்து பாருங்கள். முதல் நான்கு இலக்கம் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்று, அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. பெண் என்றால் அதனோடு 500 கூட்டியிருக்கும். அட்டையின் படம்கூட வேண்டாம், எண் மட்டும் கிடைத்தாலே ஒருவருடைய பிறந்த திகதியும் ஆணா பெண்ணா என்பதும் தெரிந்துவிடும். அந்த அட்டையை இரண்டு பக்கமும் படம் எடுத்து, ஹட்டனிலோ பண்டாரவளையிலோ ஒரு கொமினிகேஷன் கடையின் வட்ஸ்அப்புக்கு அனுப்பி, "ஒரு பிரிண்ட் போடுங்க அண்ணா" என்று கேட்பது நமக்கு அன்றாட வேலை. பிரிண்ட் கைக்கு வந்ததும் வீட்டுக்கு வந்துவிடுகிறோம். படம் அந்தக் கணினியில் அப்படியே கிடக்கிறது. கடைக்காரர் நல்லவராகவே இருக்கலாம். ஆனால் அந்தக் கணினியில் ஒரு நாளைக்கு எத்தனை பேருடைய பென் ட்ரைவ் ஏறி இறங்குகிறது என்று யோசித்துப் பாருங்கள்.

மலையகத்தில் காகிதம் லேசான விஷயம் அல்ல. 1948 குடியுரிமைச் சட்டம், 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம், 2003ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் என்று, கையில் தாள் இருக்கிறதா இல்லையா என்பதை வைத்தே நம் குடும்பங்களின் தலைவிதி எழுதப்பட்டது. இன்றும் பிறப்புச் சான்றிதழில் ஒரு மாதிரி, ஈபிஎப் பதிவில் இன்னொரு மாதிரி என்று பெயர் எழுதப்பட்டதால் அலைகிறவர்கள் இருக்கிறார்கள். 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மண் சரிந்தபோது, உயிர்களோடும் லயன் வீடுகளோடும் வீட்டுப் பத்திரங்களும் புதைந்தன. அதனால் ஆவணங்களின் நகல் ஒன்று வீட்டுக்கு வெளியே, வேறு ஊரில் இருக்கத்தான் வேண்டும். அதே நேரம் வெளியே இருக்கும் நகல் கண்டவர் கையிலும் திறக்கக்கூடாது. இந்த இரண்டையும் சேர்த்துச் சாதிக்கும் இலவச மென்பொருள்தான் குனுபிஜி.

எதை நம்பி இறங்குகிறோம்

1976இல் டிஃபி, ஹெல்மன் என்ற இருவர் பொதுச் சாவி முறையை வெளியிட்டார்கள். 1991இல் ஃபில் சிம்மர்மன் அதைச் சாதாரண மனிதர் பயன்படுத்தும் விதத்தில் பிஜிபி என்ற மென்பொருளாக்கினார். அதே வேலையை எவரும் திறந்து படித்துப் பார்க்கக்கூடிய நிரலாக எழுதியவர் ஜெர்மனியின் வெர்னர் கோக், அதன் 1.0 பதிப்பு 1999இல் வந்தது. அதுதான் குனுபிஜி. கட்டளைகளைத் தட்டும் திரையில் (விண்டோஸில் பவர்ஷெல், மற்றவற்றில் டெர்மினல்) அதன் பெயர் சுருக்கமாக ஜிபிஜி.

தத்துவம் எளிது. உங்களுக்கு இரண்டு சாவிகள் உருவாகும். பொதுச் சாவி என்பது திறந்த நிலையில் ஊரெல்லாம் கொடுத்துவைக்கும் பூட்டு மாதிரி: யாரும் அதில் ஒரு பொருளை வைத்து அமுக்கிப் பூட்டலாம். திறப்பதற்கு அந்தரங்கச் சாவி வேண்டும், அது உங்களிடம் மட்டுமே இருக்கும். இதன் பெரிய லாபம் என்னவென்றால், கொழும்பில் வேலை செய்யும் தம்பியும் தலவாக்கலையில் இருக்கும் அக்காவும் முன்கூட்டியே ஒரு இரகசியச் சொல்லைப் பேசி வைத்துக்கொள்ளத் தேவையில்லை.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தப் பூட்டுக்குப் பின்னால் உள்ள கணிதத்தை உடைத்து உங்கள் கோப்பைத் திறப்பார்கள் என்று பயப்பட வேண்டாம். ஏமாறும் இடங்கள் வேறு: தவறான ஆளின் சாவியை நம்புவது, பலவீனமான கடவுச்சொற்றொடர், சாவியின் நகல் இல்லாமல் போவது. இந்த மூன்றையும் பற்றி அதிகம் எழுதியிருக்கிறேன். மற்றவை நாலு கட்டளைதான்.

கட்டளைகளை இங்கே ஒலிப்படி தமிழ் எழுத்தில் தருகிறேன். திரையில் அவற்றை ஆங்கிலச் சிறிய எழுத்தில் தட்ட வேண்டும். எழுத்துக்கூட்டலில் சந்தேகம் வந்தால் ஜிபிஜி --ஹெல்ப் என்று தட்டுங்கள், முழுப் பட்டியலும் வரும். ஒவ்வொரு நீண்ட கட்டளைக்கும் முன்னால் இரண்டு சிறு கோடு, இடையில் இடைவெளி இல்லை.

நிறுவுதல்

விண்டோஸ் என்றால் ஜிபிஜி4வின் என்ற பொதியை அதன் சொந்த இணையதளத்திலிருந்தே இறக்குங்கள். நன்கொடை கேட்கும், பூச்சியம் என்று தெரிவுசெய்தாலும் இறங்கும். கடையில் யாரோ பென் ட்ரைவில் வைத்திருக்கும் கொப்பியை வாங்காதீர்கள். லினக்ஸில் பெரும்பாலும் ஏற்கெனவே இருக்கும். இல்லாவிட்டால் உபுண்டுவில் ஆப்ட் என்ற நிறுவும் கட்டளை மூலம் குனுபிஜி என்ற பெயரில் நிறுவலாம். மெக் கணினியில் ஹோம்புரூ என்ற நிறுவும் கருவி வழியாக வரும். லெப்டொப் இல்லை, அண்ட்ராய்டு போன் மட்டும்தான் என்றால் எஃப்-டிராய்டு என்ற செயலிக் களஞ்சியத்திலிருந்து, கட்டளைத் திரை தரும் டெர்மக்ஸ் செயலியை எடுத்து, அதற்குள் பிகேஜி இன்ஸ்டால் குனுபிஜி என்று கொடுத்தால் போதும். போனிலுள்ள கோப்புகளைத் தொட, டெர்மக்ஸ்-செட்டப்-ஸ்டோரேஜ் என்ற கட்டளையை ஒருமுறை கொடுத்து அனுமதி வழங்க வேண்டும்.

கட்டளைத் திரையைத் திறந்து, ஜிபிஜி --வெர்ஷன் என்று தட்டிப் பாருங்கள். பதிப்பு எண் வந்தால் சரி.

சாவி இல்லாமலே முதல் பூட்டு

உங்களுக்காக மட்டும் ஒரு கோப்பைப் பூட்டி வைக்க வேண்டும் என்றால் சாவி ஜோடியே தேவையில்லை, கடவுச்சொற்றொடர் போதும். கைபழக இதிலேயே தொடங்குவது நல்லது.

ஜிபிஜி --சிமெட்ரிக் பத்திரம்.பிடிஎஃப்

இரண்டு முறை கடவுச்சொற்றொடரைக் கேட்கும். முடிந்ததும் அதே பெயரோடு .ஜிபிஜி என்று முடியும் புதுக் கோப்பு வந்திருக்கும். திறப்பதற்கு:

ஜிபிஜி --அவுட்புட் திறந்தது.பிடிஎஃப் --டிக்ரிப்ட் பத்திரம்.பிடிஎஃப்.ஜிபிஜி

அவுட்புட் பகுதியை விட்டுவிட்டால் பிடிஎஃப் முழுவதும் கிறுக்கலாகத் திரையில் ஓடும். விண்டோஸ் பவர்ஷெல்லில் அம்புக்குறி போட்டுக் கோப்பில் சேமிக்கும் பழக்கம் உள்ளவர்கள் இங்கே அதை விட்டுவிடுங்கள். பழைய பவர்ஷெல் அந்தக் கோப்பைக் கெடுத்துவிடும். எப்போதும் --அவுட்புட் தான்.

திறக்கும்போது கடவுச்சொற்றொடரைக் கேட்காமலே திறந்துவிட்டதா? பூட்டு பொய்யில்லை. பின்னணியில் ஓடும் ஜிபிஜி-ஏஜென்ட் அதை வழக்கமாக 10 நிமிடம் நினைவில் வைத்திருக்கும். ஜிபிஜிகான்ஃப் --கில் ஜிபிஜி-ஏஜென்ட் என்று கொடுத்தால் உடனே மறந்துவிடும். மற்றவரும் பாவிக்கும் கணினி என்றால் எழுந்து போகும்முன் இதைக் கட்டாயம் செய்யுங்கள்.

இன்னும் இரண்டு விஷயம். பூட்டியபின் மூலக் கோப்பு அழியாது, அது பக்கத்திலேயே திறந்து கிடக்கும். திறந்து பார்த்து உறுதிசெய்தபின் நீங்கள்தான் அழிக்க வேண்டும். எஸ்எஸ்டி வட்டிலும் போனிலும் அழித்தது உண்மையிலேயே அழிந்தது என்று சொல்ல முடியாது என்பதால், வட்டு முழுவதையும் மறையாக்கம் செய்யும், அதாவது பூட்டிவைக்கும், வசதி இருந்தால் அதையும் போட்டுவிடுங்கள். அடுத்தது, கோப்பின் பெயர் பூட்டப்படுவதில்லை. "அம்மா_ஆஸ்பத்திரி_ரிப்போர்ட்" என்று பெயர் வைத்துப் பூட்டினால் பாதி இரகசியம் வாசலிலேயே எழுதியிருக்கிறது. பொருளில்லாத பெயராக வையுங்கள்.

கடவுச்சொற்றொடர்: தமிழர்களுக்கு ஒரு தனிக் குறிப்பு

தமிழிலேயே கடவுச்சொற்றொடர் வைக்கலாமே என்று தோன்றும். வேண்டாம். யூனிகோடில் "ொ" என்ற குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், கொம்பும் காலும் தனித்தனியான இரண்டு குறியீடாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று. கணினிக்கு வேறு வேறு. வீட்டு லெப்டொப்பின் விசைப்பலகை ஒரு மாதிரியும் போனின் விசைப்பலகை இன்னொரு மாதிரியும் அனுப்பினால், சரியான சொல்லைத் தட்டியும் கோப்பு திறக்காது.

அதற்காகத் தமிழை விட வேண்டியதில்லை. தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் தட்டுங்கள். ஒன்றோடொன்று தொடர்பில்லாத ஆறு சொற்களாவது இருக்கட்டும். பழமொழி, பாட்டு வரி, கோயில் பெயர், பிள்ளைகளின் பெயர், தோட்டத்தின் பெயர், டிவிஷன் பெயர் எதுவும் வேண்டாம். உங்களைத் தெரிந்தவர் ஊகிக்கக்கூடியவை அவை. கண்ணை மூடி ஒரு அகராதியைத் திறந்து விரல் படும் சொல்லை எடுப்பது நல்ல வழி. "ழ"வை எப்படி எழுதுவீர்கள், நெடிலுக்கு எழுத்தை இரட்டிப்பீர்களா என்பதை முதல் நாளே முடிவு செய்யுங்கள். ஒரு வாரம் தினமும் தட்டிப் பழகுங்கள். அதுவரை ஒரு தாளில் எழுதி வைத்திருப்பதில் தவறில்லை. மறந்த கடவுச்சொற்றொடரை மீட்டுத்தரும் அலுவலகம் எதுவும் உலகத்தில் கிடையாது.

சாவி ஜோடி உருவாக்குதல்

ஜிபிஜி --ஃபுல்-ஜெனரேட்-கீ

முதல் கேள்வி, எந்த வகை. புதிய பதிப்புகளில் ஈசிசி என்றும் கர்வ் 25519 என்றும் இயல்பாகவே வரும், எண்டர் தட்டுங்கள். பழைய பதிப்பில் ஆர்எஸ்ஏ வந்தால் நீளம் 4096 என்று கொடுக்கலாம். அடுத்து எத்தனை காலம் செல்லுபடியாகும் என்று கேட்கும். இரண்டு ஆண்டு கொடுங்கள்: 2 என்ற எண்ணும் அதையொட்டி ஒய் எழுத்தும். காலாவதி இல்லாத சாவி வேண்டாம். ஒரு நாள் போனும் லெப்டொப்பும் தொலைந்து சாவியே கையை விட்டுப் போனாலும், அது தானாகவே காலாவதியாகிவிட வேண்டும். காலம் முடியும்முன் நீட்டிக்கொள்ள முடியும், அதனால் பயமில்லை.

பிறகு பெயர், மின்னஞ்சல். குறிப்பு என்ற இடத்தை வெறுமையாக விடுங்கள். இவை உங்கள் பொதுச் சாவியில் எல்லோருக்கும் தெரியும்படி இருக்கும், எனவே அடையாள அட்டை எண்ணையோ பிறந்த ஆண்டையோ சேர்க்காதீர்கள். கடைசியில் ஓ எழுத்தைத் தட்டி, கடவுச்சொற்றொடரைக் கொடுத்தால் சாவி தயார். கொமினிகேஷன் கடைக் கணினியிலோ பாடசாலைக் கணினியிலோ இந்த வேலையைச் செய்யவே கூடாது.

சாவி கைமாறும் இடம்

இனி அக்காவும் தம்பியும் தங்கள் பொதுச் சாவிகளைப் பரிமாறிக்கொள்ள வேண்டும். அக்கா செய்வது:

ஜிபிஜி --ஆர்மர் --அவுட்புட் அக்கா.ஏஎஸ்சி --எக்ஸ்போர்ட் அக்காவின்-மின்னஞ்சல்

ஆர்மர் என்று கொடுத்தால் சாவி வெறும் எழுத்துகளாக வரும். மின்னஞ்சலிலோ வட்ஸ்அப்பிலோ அனுப்பலாம், இரகசியம் எதுவும் அதில் இல்லை. தம்பி அதை வாங்கி:

ஜிபிஜி --இம்போர்ட் அக்கா.ஏஎஸ்சி

இங்கேதான் நிற்க வேண்டும். அக்காவின் பெயரையும் மின்னஞ்சலையும் போட்டு எவரும் ஒரு சாவி செய்யலாம். குனுபிஜி அதைத் தடுக்காது. அக்காவின் வட்ஸ்அப் கணக்கு யாரோ ஒருவரின் கையில் இருந்தால், வந்தது அந்த ஆளின் சாவியாக இருக்கும். தம்பி அதில் பூட்டி அனுப்புவதெல்லாம் அவருக்கே திறக்கும், அக்காவுக்குத் திறக்காது. எனவே சாவியின் கைரேகையை, அதாவது அந்தச் சாவிக்கே உரிய அடையாளத் தொடரை, சரிபார்க்க வேண்டும்.

ஜிபிஜி --ஃபிங்கர்பிரிண்ட் அக்காவின்-மின்னஞ்சல்

நான்கு நான்காகப் பிரித்த பத்துத் தொகுதிகள், மொத்தம் 40 குறிகள் வரும். 0 முதல் 9 வரையான எண்களும் ஏ முதல் எஃப் வரையான எழுத்துகளும்தான். இருவரும் தங்கள் தங்கள் திரையில் இதைத் திறந்து வைத்துக்கொண்டு, சாதாரண தொலைபேசி அழைப்பில் அக்கா ஒரு தொகுதி, தம்பி அடுத்த தொகுதி என்று மாறி மாறி வாசியுங்கள். சாவி வந்த அதே வட்ஸ்அப்பில் கைரேகையையும் எழுதி அனுப்புவது பிரயோசனமில்லை. சாவியை மாற்றியவர் அதையும் மாற்றியிருப்பார். கடைசி எட்டுக் குறியை மட்டும் பார்ப்பதும் போதாது. எட்டுக் குறி ஒத்துவரும் போலிச் சாவியைச் செய்வது இன்று கஷ்டமான வேலையே இல்லை. எல்லாவற்றையும் விட நல்லது, தீபாவளிக்கோ பொங்கலுக்கோ தம்பி வீட்டுக்கு வரும்போது இரண்டு திரைகளையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது.

பத்துத் தொகுதியும் ஒத்தால், தம்பி தன் கணினியில் அதைப் பதிவு செய்கிறார்:

ஜிபிஜி --எல்சைன்-கீ அக்காவின்-கைரேகை

இந்த ஒப்புதல் தம்பியின் கணினிக்குள் மட்டும் இருக்கும், வெளியே போகாது. இதைச் செய்யாவிட்டால், ஒவ்வொரு முறை பூட்டும்போதும் இந்தச் சாவி இவருடையதுதான் என்று உறுதியில்லை, இருந்தும் பாவிக்கவா என்று ஜிபிஜி கேட்கும். அந்தக் கேள்விக்கு அவசரத்தில் ஆம் என்று தட்டுவதுதான் பலர் செய்வது. தயவுசெய்து தட்டாதீர்கள். இந்த முழு ஏற்பாட்டின் உயிரும் அந்தக் கேள்விக்கு நீங்கள் கொடுக்கும் பதிலில்தான் இருக்கிறது.

பூட்டி அனுப்புதல்

தம்பி தன் கடவுச்சீட்டின் ஸ்கேன் கொப்பியை அக்காவிடம் பத்திரமாக வைக்க விரும்புகிறார்.

ஜிபிஜி --ரெசிப்பியன்ட் அக்காவின்-மின்னஞ்சல் --ரெசிப்பியன்ட் தம்பியின்-மின்னஞ்சல் --சைன் --என்கிரிப்ட் ஆவணம்1.பிடிஎஃப்

பெறுநராகத் தன்னையும் சேர்த்ததைக் கவனியுங்கள். சேர்க்காவிட்டால் தான் பூட்டிய கோப்பைத் தானே திறக்க முடியாது. கோப்பை வட்ஸ்அப்பில் படமாக அல்ல, ஆவணமாக இணைத்து அனுப்புங்கள். கூகுள் டிரைவில் போட்டாலும் கவலையில்லை. டிரைவுக்குள் யார் நுழைந்தாலும் அவர்கள் காண்பது அர்த்தமில்லாத எழுத்துக் குவியல்தான். பல கோப்புகள் என்றால் முதலில் ஒரு சிப் கோப்பாகக் கட்டிவிட்டுப் பூட்டுங்கள்.

அக்கா திறப்பது முன்பு சொன்ன அதே --அவுட்புட், --டிக்ரிப்ட் கட்டளையில். கூடவே, கையொப்பம் நல்லது, தம்பியுடையது என்று ஒரு வரி வரும். சைன் என்பதற்கு அதுதான் பலன்: பூட்டுவது மற்றவர் படிக்காமல் காக்கிறது, கையொப்பம் எழுதியவர் யார் என்பதையும் வழியில் எதுவும் மாறவில்லை என்பதையும் காட்டுகிறது.

இரகசியம் இல்லாத செய்திக்கும் கையொப்பம் உதவும். "அக்கா, என் போன் தொலைஞ்சிடுச்சு, இந்தப் புது அக்கவுண்டுக்குப் பணம் போடுங்க" என்று வரும் மோசடிச் செய்திகள் நமக்குப் பழக்கமானவை. வங்கிக் கணக்கு எண் எழுதிய குறிப்பை இப்படி அனுப்பச் சொல்லி வீட்டுக்குள் ஒரு வழக்கம் வைத்துக்கொள்ளலாம்:

ஜிபிஜி --கிளியர்சைன் குறிப்பு.டிஎக்ஸ்டி

செய்தி வாசிக்கும்படியே இருக்கும், கீழே கையொப்பம் ஒட்டியிருக்கும். ஜிபிஜி --வெரிஃபை கட்டளை கொண்டு சரிபார்க்கலாம். எண்ணில் ஒரு இலக்கம் மாறியிருந்தாலும் கையொப்பம் கெட்டது என்று சொல்லிவிடும்.

எதைக் காக்காது

மின்னஞ்சலின் தலைப்பு வரி பூட்டப்படாது. யார் யாருக்கு எப்போது எழுதினார் என்பதும் மறையாது. நீங்கள் கோப்பைத் திறக்கும் கணினியில் வைரஸ் இருந்தால் அது உங்களோடு சேர்ந்தே படிக்கும். கடையில் பிரிண்ட் எடுக்க வேண்டுமென்றால் கோப்பைத் திறந்துதான் கொடுக்க வேண்டும். அப்போது கூட இருந்து, பிரிண்ட் வந்ததும் உங்கள் கண்முன்னே அழிக்கச் சொல்லுங்கள். அன்றாட அரட்டைக்கு இது வேண்டாம், சிக்னல் போன்ற செயலி வசதி. அதில் ஒவ்வொரு செய்திக்கும் சாவி மாறும். குனுபிஜியில் அந்தரங்கச் சாவியும் கடவுச்சொற்றொடரும் ஒருநாள் சேர்ந்து பறிபோனால் பழைய கடிதங்கள் எல்லாமே திறந்துவிடும்.

சாவிக்கு நகல்

லெப்டொப் பழுதானால், சாவியின் நகல் இல்லாவிட்டால், பூட்டிய அத்தனையும் போய்விடும். இதை இன்றே செய்யுங்கள்:

ஜிபிஜி --ஆர்மர் --அவுட்புட் அந்தரங்கம்.ஏஎஸ்சி --எக்ஸ்போர்ட்-சீக்ரெட்-கீஸ் உங்கள்-மின்னஞ்சல்

இதை ஒரு பென் ட்ரைவில் வைத்து, கர்வ் 25519 வகை என்றால் தாளிலும் அச்சிடுங்கள். ஒரே பக்கத்தில் அடங்கும். சொந்த பிரிண்டரோ நம்பிக்கையானவருடையதோ மட்டுமே, கடையில் அல்ல. நுவரெலியா, ஹப்புத்தளைப் பக்கத்து ஈரத்தில் இங்க்ஜெட் மை கரையும், எனவே லேசர் பிரிண்ட் எடுத்து, காற்றுப் புகாத பிளாஸ்டிக் உறையில் போட்டு மூடுங்கள். பென் ட்ரைவ் வீட்டில் என்றால் தாள் வேறு ஊரில், சரிவு அபாயம் இல்லாத ஓர் உறவினர் வீட்டில் இருக்கட்டும். கடவுச்சொற்றொடரை அதே உறையில் வைக்காதீர்கள்.

சாவியை ரத்து செய்யும் சான்றிதழ் ஒன்று, சாவி பிறந்த அன்றே தானாக உருவாகியிருக்கும். விண்டோஸில் ஆப்டேட்டாவுக்குள் உள்ள குனுபிஜி ஃபோல்டரிலும் லினக்ஸில் .குனுபிஜி என்ற மறைவான ஃபோல்டரிலும், ஓபன்பிஜிபி-ரிவோக்ஸ்.டி என்ற பகுதியில் பாருங்கள். அதையும் நகலெடுத்துத் தனியே வையுங்கள். அது கையில் கிடைத்த எவரும் உங்கள் சாவியைச் செல்லாததாக்கலாம். சாவி பறிபோனால், அந்தக் கோப்பில் தொடக்கக் கோடுகளுக்கு முன்னால் இருக்கும் முக்காற்புள்ளியை நீக்கிவிட்டு இம்போர்ட் செய்து, ரத்தான பொதுச் சாவியை எல்லோருக்கும் அனுப்ப வேண்டும்.

நகல் வேலை செய்கிறதா என்று சோதிக்காமல் விடாதீர்கள். வெற்று ஃபோல்டர் ஒன்றை உருவாக்கி, பென் ட்ரைவிலுள்ள சாவியை அதற்குள் இறக்குங்கள்:

ஜிபிஜி --ஹோம்டிர் சோதனை --இம்போர்ட் அந்தரங்கம்.ஏஎஸ்சி

அதே --ஹோம்டிர் பகுதியைச் சேர்த்து ஒரு கோப்பைத் திறந்து பாருங்கள். திறந்தால் நகல் நல்லது. பார்த்து முடிந்ததும் அந்தச் சோதனை ஃபோல்டரை அழித்துவிடுங்கள்.

இரண்டு ஆண்டு முடியப்போகும்போது நீட்டுவதற்கு ஜிபிஜி --குவிக்-செட்-எக்ஸ்பயர் என்று தட்டி, கைரேகையையும் புதிய காலத்தையும் கொடுங்கள். உங்கள் சாவிக்குள் கையொப்பமிடும் முதன்மைச் சாவி ஒன்றும் பூட்டுவதற்கான துணைச் சாவி ஒன்றும் இருக்கின்றன, இது முதன்மைச் சாவியை மட்டும் நீட்டும். துணைச் சாவிக்கு அதே கட்டளையின் கடைசியில் மேற்கோள் குறிக்குள் ஒரு நட்சத்திரக் குறி சேர்த்து மறுபடி கொடுக்க வேண்டும். பிறகு பொதுச் சாவியை மீண்டும் எக்ஸ்போர்ட் செய்து, உங்களுக்கு எழுதுகிற எல்லோருக்கும் அனுப்புங்கள். அவர்கள் பழையபடி இம்போர்ட் செய்தால் போதும். காலம் நீண்டாலும் கைரேகை மாறாது, எனவே அந்தத் தொலைபேசி வாசிப்பை இரண்டாம் முறை செய்யத் தேவையில்லை.